அம்மா தண்ணீர் குடிக்காத நாட்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து மேற்குத் தாம்பரம் வாடகை வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். நான் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறைக்காரன். எக்ஸ்ரேயில் தகடும் திருகும் கச்சிதமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எலும்பு கூடிவிட்டால் எல்லாம் கூடிவிடும் என்று நம்பினேன். மடையன்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பட்டறைக்கு லீவு போட்டேன். அடுத்த தெருவில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வந்து பெட்பேன் வைத்து, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைப்பார். மற்ற நேரமெல்லாம் என் பொறுப்பு. கஞ்சி கொடுப்பேன், மாத்திரை கொடுப்பேன், கட்டிலை ஒட்டிய ஜன்னலில் சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பேன். சொம்பு காலியாகும். அம்மா ஒன்றுக்கும் கூப்பிட மாட்டாள்.

"பகல்ல ஒரு தொந்தரவும் இல்ல சிஸ்டர்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் அம்மா என்னைப் பால்காரன் என்று நினைத்து, நாளைக்கு வேண்டாம் என்றாள். உடம்பு கொதித்தது. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. அன்று காலை நர்ஸம்மா பெட்பேனைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"தண்ணி குடிக்கிறாங்களா?"

"ரெண்டு சொம்பு குடிக்கிறாங்க."

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஊரே காய்ந்து கிடந்த அந்தக் கோடையில், எங்கள் ஜன்னலுக்குக் கீழே மட்டும் மண் ஈரமாக இருந்தது. கீரைகூட முளைத்திருந்தது.

"குடிச்சா போகணும். போகணும்னா உன்னத்தான் கூப்பிடணும். பெத்த பிள்ளைகிட்ட அத எப்படிப்பா கேப்பாங்க?"

டாக்டர் வந்தார். மூத்திரத்தில் கிருமி, இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று சொல்லி டிரிப் ஏற்றினார். தாகத்தோடு ஒருத்தி பக்கத்தில் கிடந்திருக்கிறாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அம்மாவுக்கு நினைவு தெளிந்தது. மதியம் முகம் கோணி, போர்வையைக் கவ்விக்கொண்டு கிடந்தாள். பெட்பேனோடு போனேன்.

"நீ வெளிய போ."

"சிஸ்டர் வர ஆறு மணி ஆகும்மா."

"இருப்பேன்."

எனக்கு வெறி வந்துவிட்டது. "செத்துப் போகணும்னா சொல்லிடு, நானும் கூட வர்றேன்" என்று கத்தினேன். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னாள்: "கண்ணக் கட்டிக்கோ."

துண்டை எடுத்துக் கண்களை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தடவித் தடவி, ஆபரேஷன் செய்த பக்கம் அசையாமல் அவளைத் தூக்கினேன். பாதி பெட்பேனில், பாதி என் கையில். முடிந்ததும் துடைத்துவிட்டு எழுந்தேன். கை தானாகத் துண்டின் முடிச்சுக்குப் போனது.

"அவுக்காதே. இன்னும் பொடவைய இழுத்து விடல."

டிரிப் குத்திய கையோடு அவள் புடவையை இழுப்பதும், அது வராததும், மூச்சு வாங்குவதும் கேட்டது. இழுத்துவிடட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்பேனைப் பிடித்தபடி, அவள் சொல்லும்வரை அப்படியே நின்றேன்.