சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம். திருச்சி, கொழும்பு என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பி, வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த சூசை, அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஊரே அவனுக்கு வணக்கம் வைத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரை அரியலூர் ஸ்டேஷனிலிருந்து என் வண்டியில் கூட்டி வந்தேன். அவர் நல்லபடியாக எழுதினால்தான் சூசைக்கு வேலை நிலைக்கும்.

"உங்க ஊர் வாத்தியார் எப்படிப்பா?" என்று கேட்டார்.

"எல்லாம் மனப்பாடம் சார். புஸ்தகத்துல இல்லாததைக் கேளுங்க, புள்ளைங்க முழிக்கும்" என்றேன்.

அப்படியே செய்தார். ஜன்னல் வழியே என் வண்டியைக் காட்டி, "அரியலூர்லேருந்து இங்க வர அந்தச் சக்கரம் எத்தனை சுத்து சுத்தியிருக்கும்?" என்றார். வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஒரு சிறுமி எழுந்து, "தெரியாதுங்க சார்" என்றாள்.

நான் படித்தபோது அந்த வார்த்தைக்குப் பிரம்படி. அதற்குப் பயந்துதான் ஓடிப்போனேன். சூசை பிரம்பைத் தேடவில்லை. "தெரிஞ்சுக்க என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டான்.

"ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் போவுதுன்னு அளக்கணும் சார்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, வண்டியைக் கொஞ்சம் உருட்டுறீங்களா?"

உருட்டினேன். பிள்ளைகள் கயிறு பிடித்து அளந்து சிலேட்டில் கணக்குப் போட்டார்கள். அது முடியும் முன்பே இன்ஸ்பெக்டர் சூசையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் வேலை நிலைத்தது.

நான் கோள் சொன்னதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவன் மேல் இருந்த பொறாமை அன்றே போய்விட்டது. பயமில்லாமல் "தெரியாது" என்று சொன்ன அந்தச் சிறுமி மேல் வந்த பொறாமைதான் இன்னும் போகவில்லை.