கரையட்டும் என்று கொடுத்த வெந்நீர்

2023 ஜூலை 9, ஞாயிறு, காலை 7.20, மாட்டுங்காவில் அடைமழை. ஜன்னல் ஒழுகலை அடைக்க வைத்திருந்த பசையை எங்கள் நாய் பப்லு டியூபோடு கடித்து விழுங்கிவிட்டது. கரையட்டும் என்று வெந்நீர் புகட்டினேன். பிறகு நானும் மனைவியும் அதை டாக்சியில் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"தண்ணி குடுத்தீங்களா, அங்கிள்? ஈரம் பட்டா இந்தப் பசை நுரைச்சு, வயித்துல கல்லாயிடும்" என்றார் கால்நடை டாக்டரம்மா.

"இல்லை" என்றேன். படித்தவன் என்ற வெட்கம்.

"மூணு டம்ளர் குடுத்தேளே, எண்ணிண்டே" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா திட்டவில்லை. "தண்ணி குடுக்கலேன்னா சாயங்காலம் வரை பார்க்கலாம்னு இருந்தேன்" என்று உடனே எக்ஸ்ரே எடுத்தார். பதினோரு மணிக்கு அறுவை சிகிச்சை.

பப்லு பிழைத்தது. அறியாமல் கொடுத்த வெந்நீரை மன்னித்துக்கொண்டேன். அந்த ஒரு "இல்லை"யை இன்னும் மன்னிக்க முடியவில்லை. பசை உள்ளே போனால் எதுவும் கொடுக்காதீர்கள்; கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள்.

டாக்சி உட்பட மொத்தச் செலவு 34,260 ரூபாய்.