வலது கண்ணில் மட்டும் பனி

குன்னூரில் தையல் கடை வைத்திருக்கும் சுசீலா, நாற்பத்திரண்டு வயதிலும் ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிடாதவள். அதனால் அந்த ஆனி மாதம் வலது கண்ணில் பனி இறங்கியபோது அவள் கண்ணைச் சந்தேகிக்கவில்லை. குன்னூரில் பனி ஒரு அதிசயமா? திரை போல இறங்கும், ஐந்து நிமிடத்தில் விலகும். ஒருநாள் வீட்டுக்குள்ளேயே இறங்கியது. கணவன் வடிவேலை ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். அது சாத்தித்தான் இருந்தது. அவன் திறந்து, மறுபடி சாத்தினான். பனி விலகியதும், இப்போதுதான் ஒழுங்காகச் சாத்தினான் என்று பாராட்டும் கிடைத்தது.

பிறகு ஒரு காலையில் திரை இறங்கியது, விலகவில்லை. வெளியே நிஜப் பனியும் இருந்தது. கடைக்குப் போகும் வழியில் கறுப்புக் கோட்டு ஒன்று குனிந்து நின்றது.

"ஏனுங்க, கொஞ்சம் ஒதுங்குங்க. நேரமாச்சுங்க."

ஒதுங்கவில்லை. குடை நுனியால் மெல்லத் தொட்டாள். கோட்டு ஒரு பெருமூச்சு விட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் போனது. காட்டெருமை.

மாடியிலிருந்து பார்த்த பக்கத்து வீட்டு இந்துமதி ஓடிவந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தன்னைப் பார்க்கச் சொன்னாள்.

"உனக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணுமே இல்லையே இந்து" என்றாள் சுசீலா.

அன்றே அவளும் வடிவேலும் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணுக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்திருந்தது. டாக்டர் அம்மா, கரு ஏதும் கலைந்ததா என்று கேட்டார். இரண்டு. அதையும் கண்ணையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. ரத்தப் பரிசோதனை செய்து, பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்து, டாக்டர் உறுதியாகச் சொன்னார்: உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் தன் உடம்பைத் தாக்குகிறது, அதனால் ரத்தம் கட்டிக்கொள்கிறது.

"அப்போ கண்ணு நல்ல கண்ணுதானுங்களே?"

"கண்ணு நல்ல கண்ணுதாம்மா. ரத்தந்தான் தேவையில்லாம உறையுது."

இதில் முதல் பாதியை மட்டும் அவள் மார்க்கெட் முழுக்கச் சொன்னாள்.

வலது கண் பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு சாம்பல் திட்டு தங்கிவிட்டது. தலையைச் சற்றுச் சாய்த்துத் தைக்கிறாள், மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறாள். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை, கூடவே ஒரு கட்டளை: மாத்திரையின் வேலையைக் குறைக்கும் கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் தினமும் ஒரே அளவுதான், திடீரென்று கூட்டக் கூடாது. செய்தி கேட்டு உருகிய நாத்தனார் பாப்பா, கேத்தியில் இருக்கும் தன் தோட்டத்திலிருந்து முட்டைக்கோஸை மூட்டையாக அனுப்பினாள். சுசீலா ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை வடிவேல் தின்றான். மூன்றாவது மூட்டை வந்த அன்று, அக்காவுக்குப் போன் போட்டு, தோட்டத்தில் கேரட் இல்லையா என்று மட்டும் கேட்டான்.