அழாத குஞ்சின் முன்னுரை

மாடத்தி என்ற ஆறு வயதுப் பெண்குழந்தை செத்ததில் எனக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கின் பெயர் ‘அழாத குஞ்சு’.

ஆம்... நீங்கள் உங்கள் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தீர்களே, அதே புத்தகந்தான்! பிள்ளைகளின் பயத்தையும் பிரிவையும் ஆற்றும் அருமருந்து என்று உங்கள் சபைகளில் மெச்சினீர்களே, அதே! முன்னுரையைப் படித்துக் கண் கலங்கியதாக எனக்கு எழுதினீர்கள். கலங்குங்கள், கலங்குங்கள்... அதற்காகத்தானே எழுதினேன்?

ஆனால் அந்தப் புத்தகம் எதற்காகப் பிறந்தது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். திருநெல்வேலிச் சீமையில் வேலை கிடைக்காமல் மலையேறியவன். மனத்துக்குள் மட்டும் மகாகவி. பள்ளிக்கூடத்தை ஒட்டினாற்போல் ஒரு பிள்ளைக் கொட்டகை. கொழுந்தெடுக்கும் பெண்கள் விடிந்ததும் தம் குழந்தைகளை அங்கே ஓர் ஆயாவிடம் விட்டுவிட்டுச் சரிவில் ஏறுவார்கள். பனி மூடிய காலைகளில் மலை ஒரு காது போல் ஆகிவிடும். கொட்டகையில் குழந்தை அழுதால் எதிர்ச்சரிவில் நிற்கிற தாய்க்குக் கேட்கும். அத்தனை அழுகைகளுக்கு நடுவே தன் பிள்ளையின் அழுகை எது என்று அவளுக்குத் தெரியும். மாராப்பு நனையும். கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள்.

தோட்டத்துக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் கங்காணி என் வாசலில் வந்து நின்றார்.

“என்ன வாத்தியாரே, பிள்ளைக அழுத அழுகையில பாதி நிரை கொழுந்தெடுக்க ஆளில்லாமக் கெடக்கு. தொரை என் தலைய உருட்டுதாரு. நீரு கதை கிதை எழுதுவீராமே? அதுகளச் சத்தங்காட்டாம இருக்க வைக்க ஒரு கதை எழுதும்வே!”

“கதை என்ன, அபினா?” என்று சிரித்தேன்.

“அபினு குடுக்கக் கூடாதுன்னுட்டாருவே தொரை. அதாலதான் ஒம்மகிட்ட வந்தேன்.”

சிரித்தேன்... ஆனால் எழுதினேன்! அன்றைக்கே எழுதினேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? ஒரு கூடு, இரண்டு குஞ்சுகள். தாய்ப்பறவை இரை தேடப் போகிறது. ஒரு குஞ்சு அழுகிறது, கழுகுக்குக் கேட்டுவிடுகிறது. மற்றது வாயை மூடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் தாய் வந்து ஊட்டுகிறது. அவ்வளவுதான் கதை! அதன்மேல் என் வசனத் தேனைத் தடவினேன். பனியை மலையின் மூச்சு என்றேன். வெயிலைப் பொன்னாலான புல் என்றேன். குழந்தைகளுக்குப் பனியும் புரியவில்லை, பொன்னும் புரியவில்லை. கழுகு புரிந்தது.

மத்தியானம்தோறும் கொட்டகையில் வாசித்தேன். மழைக்காலம் பிடிக்கும் முன்பே அழுகை அடங்கிவிட்டது. துரை மகிழ்ந்து அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டார். “ஒம்ம வாய்க்குச் சக்கரை போடணும்வே!” என்றார் கங்காணி. தாய்மாரும் மகிழ்ந்தார்கள். பிள்ளை அழவில்லை என்றால் பிள்ளைக்குத் துயரமில்லை என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேனா? இல்லை... நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை! தாயைப் பிரிந்த குழந்தை அழாமல் வேறென்ன செய்யும் என்ற சின்னக் கேள்வி இந்தப் பெரிய மண்டைக்குள் நுழையவில்லை.

மாடத்தி, இசக்கி என்பவளின் மகள். தகப்பன் காய்ச்சலில் போய்விட்டான். தாய்க்கு மகள், மகளுக்குத் தாய். கொட்டகையில் பெருங்குரல் அவளுடையதுதான். முதலில் அடங்கியதும் அவள்தான்.

“சார், கழுகு இப்ப எங்க இருக்கு?” என்று கேட்பாள்.

“மேலதான் சுத்துது. நீ சத்தம் போடாம இருந்தா வராது” என்பேன்.

ஒருநாள் காலை, ஆயா தண்ணீருக்குப் போயிருந்த நேரம், அடுப்படியில் கஞ்சிப் பானை சரிந்தது. கொதிகஞ்சி மாடத்தியின் தொடையில் கொட்டிற்று. அவள் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்த ஆயா, பானையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பொதுவாக வைதுவிட்டுத் தரையைத் துடைத்தாள். எந்தப் பிள்ளையும் அழவில்லையே... யாரைப் போய்ப் பார்ப்பாள்?

மத்தியானம் நான் போனேன். வாசித்தேன். மூலையில் மாடத்தி... உதடு துடிக்கிறது. கண்ணில் நீர் முட்டி நிற்கிறது, விழவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது... என் வசனம் அவளை உருக்குகிறது என்று நினைத்தேன்! கழுகு வருகிற இடத்தை அவளுக்காக இன்னொரு முறை வாசித்தேன். மெதுவாக... ஏற்ற இறக்கத்தோடு...

தூ!

அதோடு விட்டேனா? மற்றப் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டி, “பாருங்க, மாடத்தி எப்படி இருக்கா! இதாம் நல்ல பிள்ளை” என்றேன்.

சாயங்காலம் இசக்கி வந்து மகளைத் தூக்கினாள். பாவாடையோடு தோலும் வந்தது. அலறியது தாய்தான்.

கூட்டத்தோடு கூட்டமாக நானும் மருந்துக் கொட்டகைக்கு ஓடினேன். கம்பவுண்டர் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

“காலையிலயே கொண்டாந்திருந்தா சுண்ணாம்புத் தண்ணியும் தேங்காயெண்ணெயும் கலந்து போட்டிருப்பனே! பிள்ளை கத்தவே இல்லியா? கல்லையா பெத்து வச்சிருக்க?”

“அழுதுரு தாயீ... வாய்விட்டு அழுதுரு” என்று இசக்கி மகளின் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினாள்.

மாடத்தி என்னைப் பார்த்தாள். வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அங்கே நான் சொல்லியிருக்கலாம். கழுகு கிடையாதம்மா, நான் சும்மா எழுதினேன், அழு... அவ்வளவுதானே! ஆனால் கம்பவுண்டர் நின்றார், கங்காணி நின்றார், லயத்து வீடுகளின் ஜனமெல்லாம் நின்றது. என் கதை பொய் என்று அத்தனை பேர் முன்னால் நானே எப்படிச் சொல்வது? புத்தகம் அப்போதுதான் அச்சுக்குப் போயிருந்தது!

புண் சீழ் வைத்தது. காய்ச்சல் கண்டது. போய்விட்டாள்.

குழி மூடியதும் இசக்கி என் எதிரில் வந்து நின்றாள். அடிப்பாள், அல்லது காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்!

“கடைசி வரைக்கும் வலிக்குன்னு ஒரு சொல்லு சொல்லல அய்யா. ஒங்க கதையத்தான் முணுமுணுத்துக்கிட்டே கெடந்தா. அது இல்லேன்னா எம்பிள்ள என்னமாத் துடிச்சிருக்கும்!”

அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன். “எல்லாம் ஆண்டவன் சித்தம்” என்று வேறு சொன்னேன்.

வாங்கியதைச் சும்மா வைத்திருக்கிற ஆளா நான்? இரண்டாம் பதிப்புக்கு முன்னுரையாக்கினேன். மரணப்படுக்கையிலும் என் நூல் ஒரு மழலைக்கு ஆறுதல் தந்தது என்று எழுதினேன். கஞ்சிப் பானையை எழுதவில்லை. ‘தீராப்பிணி’ என்று எழுதினேன். எவ்வளவு அழகான சொல்! அந்த ஒரு சொல்லில் ஏறி என் புத்தகம் மலையிறங்கிற்று. பாலக்காடு, கோயம்புத்தூர் என்று போயிற்று. பின்னாலேயே நானும் இறங்கினேன். வாத்தியார் நூலாசிரியரானார். மாலைகள்... மேடைகள்...

உங்களையும் நான் விடுவதாக இல்லை. உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது? பிள்ளைக்கு ஆறுதலா? அப்படியானால் மடியில் தூக்கி வைத்து ‘ஏன் அழறே?’ என்று கேட்டிருப்பீர்களே! உங்களுக்கு வேண்டியது வீட்டில் சத்தமின்மை. அதைக் கடையில் போய் வாங்கி வந்தீர்கள். உங்களுக்கும் அந்தக் கங்காணிக்கும் என்ன வித்தியாசம்? எதற்காகக் கேட்கிறேன் என்று அவராவது ஒளிக்காமல் சொன்னார்!

கோபிக்கிறீர்களா? கோபியுங்கள். உங்களைத் திட்டினால் என் பாரம் கொஞ்சம் குறையும் என்று பார்த்தேன்... குறையவில்லை.

சென்ற வாரம் பாலக்காட்டில் ஒரு வக்கீலின் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்களை நோக்கி ஓடிவந்த அவருடைய சிறு மகன் படியில் தடுக்கி விழுந்தான். முழங்கால் கிழிந்துவிட்டது. பையன் எழுந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

“பார்த்தேளா ஸார்! ஒரு சத்தம் உண்டோ? எல்லாம் உங்க புஸ்தகத்தோட கொணமாக்கும்” என்றார் வக்கீல். பெருமை தாங்கவில்லை அவருக்கு. உள்ளே திரும்பி, “ஸாருக்குக் காப்பி எடுத்துண்டு வா” என்றார்.

பையன் அங்கேயே நின்றான். ரத்தம் கணுக்கால் வரை இறங்கிவிட்டது. அவன் தகப்பனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். அழு என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். அதற்காகத்தான் நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

காப்பி வந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.