அப்பாவின் பத்து செக்கன்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது என் அப்பாவை ஒரு வேலையிலிருந்து நிறுத்தினேன். கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டில் எங்கள் அணியின் ஐந்தாவது ஆள் அவர். நிறுத்தியதற்கு அப்போது என்னிடம் நியாயமான காரணமும் இருந்தது.

பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலம் அது. ஒன்லைன் வகுப்புக்கென்று அப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய போனில் நான் படித்ததைவிடச் சுட்டதுதான் அதிகம். பெரியம்மாவின் மகன்மாரான பெரியண்ணாவும் சின்னண்ணாவும், நானும், அம்மாவின் போனைப் பறித்துக்கொண்டு வரும் என் தம்பியுமாக நாங்கள் நாலு பேர். வவுணதீவில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டாது. அதனால் தினமும் நாலு மணிக்கு வாவிக்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவோம்.

அணிக்கு ஐந்து பேர் வேண்டும். அப்பாவுக்கு நைட் டியூட்டி. இரவில் வேலை என்றால் பகல் முழுக்க லீவுதானே என்று நினைத்தேன். கொடுத்து வைத்த மனிதர் என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன். கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார். வொய்ஸ் மெசேஜ் அனுப்பி அனுப்பி நான்தான் அவருக்கு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தேன். முதல் நாள் சுவரைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருந்துவிட்டு, "மகள், இதுல முன்பக்கம் எது?" என்று எழுதிக் கேட்டார்.

விளையாட்டு இலகுவானது. குண்டு வைப்பதற்கு இரண்டு இடங்கள் இருக்கும். ஐந்து பேர் வைக்க வருவார்கள், ஐந்து பேர் காவல் காக்க வேண்டும். எந்த இடத்துக்கு வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே காவல்காரர்கள் பிரிந்து நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. தேற்றாத்தீவுப் பொடியன்மார் அணி ஒன்று இருந்தது. பெரியண்ணாவோடு ரியூசனில் படித்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாசலால் கண்மண் தெரியாமல் ஓடி வருவார்கள். மாரியில் வாவி நிரம்பி, கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் எப்படிப் போகுமோ அப்படி. தனித்தனியாக எதிர்த்து நின்றால் தனித்தனியாகச் சாக வேண்டியதுதான்.

நிறையத் தோற்ற பிறகு பெரியண்ணா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வாசலில் நாலு பேர், மற்றதில் ஒருவர். தனியாக நிற்பவர் யாரையும் கொல்லத் தேவையில்லை. வாசலில் புகைக்குண்டை எறிந்து, துப்பாக்கியால் நாலு வெடி வைத்து, பின்வாங்கி, மறுபடி நாலு வெடி வைத்து, மற்றவர்கள் ஓடி வந்து சேரும்வரை இழுத்தடிக்க வேண்டும். பத்து செக்கன், பத்தே பத்து நொடி போதும். அதன் பிறகு அவர் செத்தால் பரவாயில்லை. அந்த இடத்துக்கு யாருமே விருப்பப்படவில்லை. அப்பாவை அங்கே நிற்க வைத்தோம்.

அவர் அதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். மைக்கில் பேச்சுத் தெளிவாக விழாது என்று சொல்லிப் பேசவே மாட்டார். நகத்தால் போனில் இரண்டு முறை தட்டுவார். 'டிக் டிக்' என்று கேட்டால் வருகிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் விழுந்தடித்து ஓடுவோம். போய்ச் சேரும்போது அப்பா பெரும்பாலும் இறந்து கிடப்பார், வந்தவர்கள் புகைக்குள் தடுமாறிக்கொண்டிருப்பார்கள். மிச்சத்தை நாங்கள் முடித்துவிடுவோம். கடைசியில் வரும் பட்டியலில் எத்தனை பேரைக் கொன்றோம் என்று மட்டும்தான் போடுவார்கள். அப்பாவின் பெயர் எப்போதும் அடியில் இருக்கும். பக்கத்தில் ஒரு முட்டை. எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேற்றாத்தீவாரோடு பந்தயம் வைத்தோம். தோற்ற அணி ஒரு மாதத்துக்கு வென்றவர்கள் வைக்கும் பெயரைச் சுமக்க வேண்டும். ஆறுக்கு ஆறு என்று வந்து கடைசிச் சுற்று. நாங்கள் நாலு பேரும் எங்கள் வாசலைப் பார்த்தபடி 'டிக் டிக்'குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று அப்பா பக்கத்தில் குண்டு வைத்துவிட்டதாகத் திரையில் விழுந்தது. ஓடினோம், அவர்கள் மூலைக்கு ஒருவராகக் காத்திருந்து எங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். பிறகு ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். அப்பாவின் உருவம் துப்பாக்கியை நீட்டியபடி வாசலுக்கு நேரே அசையாமல் நிற்கிறது. ஓடி வந்தவர்களில் ஒருவன், வெடி வீண் என்று நினைத்தானோ என்னவோ, கத்தியால் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போகிறான்.

"சித்தப்பா எங்க பார்த்துக்கொண்டு நிண்டவர்?" என்று சின்னண்ணா கத்தினார்.

"அவர நிப்பாட்டு புள்ள. நீதானே சேர்த்த, நீயே சொல்லு" என்றார் பெரியண்ணா.

அன்று மாலையே எங்கள் அணிக்கு 'கூனி இறால்' என்று பெயர் மாறியது. தம்பி அழுதான். எனக்கும் அழுகைதான், அதைக் கோபமாக மாற்றி அப்பாவுக்கு அனுப்பினேன். "அப்பா, நீங்க இனி விளையாட வேணாம். ஒங்களாலதான் தோத்தம். வேற ஆள் எடுக்கப் போறம்."

கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. "ஓம் மகள். அப்பாட பிழைதான். நல்லா விளையாடுங்க. ஆள் குறைஞ்சா சொல்லுங்க."

எதிர்வீட்டுப் பையன் ஒருவனைச் சேர்த்தோம். அவன் சூரப்புலி. வாசலில் நிற்க மாட்டான், முன்னுக்குப் பாய்ந்து இரண்டு பேரை வீழ்த்திவிட்டு மூன்றாவது செக்கனில் செத்துப்போவான். பட்டியலில் அவன் பெயர் மேலே இருந்தது, நாங்கள் ஒவ்வொரு ஆட்டமும் தோற்றோம். "சித்தப்பா நிண்டிருந்தா அந்தப் பத்து செக்கன் கிடைச்சிருக்கும்" என்று கடைசியில் பெரியண்ணாவே சொன்னார். அப்பாவிடம் திரும்பக் கேட்க என் ரோசம் விடவில்லை. கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள்.

அப்பா இப்போது ஊரோடு வந்துவிட்டார். போன மாதம் செங்கலடியிலிருந்து அவரோடு கட்டாரில் ஒரே அறையில் இருந்தவர் வந்திருந்தார். அப்பா சந்திக்குப் போயிருந்த நேரம். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்கதானே அந்தத் துவக்கு விளையாடுற மகள்?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

"ஒங்கட அப்பாவால எங்களுக்கு நித்திரையே இல்ல, தெரியுமா? எட்டுப் பேர் படுக்கிற அறை. விடிய ஆறு மணி வரைக்கும் வேலை செஞ்சிட்டு வந்து, எட்டு மணிக்குத்தான் கண்ண மூடுவம். பகல் ஒண்டரைக்கு இவர்ர அலாரம் அடிக்கும். சத்தம் போட்டா ஏசுவம் எண்டு போர்வைக்குள்ள போன வச்சிக்கொண்டு நகத்தால தட்டிக்கொண்டு கிடப்பார்."

அங்கே ஒன்றரை என்றால் இங்கே நாலு மணி. வாவிக்கரையில் வெயில் தாழ்ந்து எங்களுக்கு விளையாட வசதியாக இருந்த அந்த நாலு மணி அவருக்கு நடுச்சாமம் என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவர் நின்றபடியே தூங்கிப்போனதும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

"பிறகு நிப்பாட்டிற்றார்தானே" என்றேன்.

"விளையாட்ட நிப்பாட்டினவர். அலாரத்த நிப்பாட்டல்ல" என்றார் அவர். "ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். ஒண்டரைக்கு எழும்பி போன எடுத்துப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு வச்சிட்டுப் படுத்திருவார். ஏன் மனுசா, நித்திரையக் கெடுக்கிறாய் எண்டு கேட்டா, பிள்ளையளுக்கு ஆள் குறைஞ்சா கூப்பிடுவாங்க எண்டு சொல்லுவார்."