நாற்பதாவது வீடு

கல்லூரியில் நான் வாங்கிய ஒரே முதல் மார்க், போகாத ஊரைப் பற்றி எழுதியதற்குக் கிடைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் பி.ஏ. பொருளாதாரம், இறுதியாண்டு. ஆளுக்கொரு சிற்றூரைக் கொடுத்து, வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்பி, ஊரின் வரலாற்றையும் இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தது அவிநாசிக்கும் பெருந்துறைக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த நாற்பது வீட்டு ஊர். அவிநாசியில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம். எதிரே பேக்கரி. கெட்டுப்போக நினைப்பவனுக்கு வசதிகள் தானாக அமையும்.

ஆறு டீ, இரண்டு தேங்காய் பன். நாற்பது குடும்பங்களையும் பேக்கரி மேசையிலேயே குடிவைத்தேன். பெயர்களுக்கு என் உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் பிடித்தேன். பிடிக்காத மாமாவுக்கு ஒழுகும் கூரை. ஹாஸ்டல் வார்டனுக்கு இரண்டு மனைவிகள். ஒரு வீட்டில் ஆர்மோனியம்கூட வைத்தேன். ஊர் வரலாற்றில், புலியை உலக்கையால் அடித்துவிட்டு வந்த மணப்பெண் ஒருத்தி ஊர்க் கிணற்றை வெட்டினாள். நாற்பதாவது படிவம் வந்தபோது பெயர்களும் தீர்ந்துவிட்டன, விரலும் வலித்தது. ‘பெண், வயது எழுபது, தனியாக வசிக்கிறார். வெள்ளாடு ஒன்று. பெயர்: சொல்ல மறுத்துவிட்டார்’ என்று எழுதி, பன் துணுக்கைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

களப்பணி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேராசிரியர் வகுப்பிலேயே சொன்னார். காலிகோ பைண்டிங் போட்டு, முத்திரை குத்தி, நூலகத்தின் பழைய ஆவண அறையில் வைத்தார்கள்.

படித்து முடித்து நான்கு வருடம் ஊர் சுற்றியபின் அதே நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆவண அறை என் பொறுப்பு. காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சியும் நானுமாக அங்கே குடித்தனம் நடத்தினோம். என்னைவிடப் பூச்சி அதிகம் படித்திருக்கும். எனக்கு முன்னால் பல வருடம் பையன்கள் எழுதிய ஊர் அறிக்கைகள் வரிசையாக இருந்தன. ஒருவன் டேப் இல்லாமல் கிணற்றில் தன் வேட்டியை விட்டு அளந்து, ‘ஆழம் ஐந்தரை வேட்டி’ என்று எழுதியிருந்தான். இன்னொருவன் காலரா வந்த வருடத்தில் ஓர் ஊரில் எந்தெந்த வீட்டுக் கதவுகள் திறக்கவே இல்லை என்று கேட்டுக் குறித்திருந்தான். அவர்களெல்லாம் நிஜமாகவே போயிருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் என் புத்தகம். தூசி தட்டும்போது அந்த இடத்தில் மட்டும் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொள்வேன்.

பிறகு நான் போகாத அந்த ஊரைத் தொழிற்சாலைகளுக்காக எடுத்துக்கொண்டார்கள். வீடுகளை இடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் நாலு வரி வந்தது. படித்தேன். மடித்து ஸ்டாண்டில் மாட்டினேன். அவ்வளவுதான்.

அதற்கு நாலைந்து வருடம் கழித்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாட்ச்மேன் உடுப்பு, கையில் தொப்பி.

“ஏனுங்க, எங்கூர ஊடு ஊடா எழுதி வெச்ச புஸ்தகம் இங்க இருக்குதாமுங்களே? கம்பெனி ஆபீசர் சொன்னாருங்க. அவரு இந்தக் காலேஜ்லதான் படிச்சாராமுங்க.”

ஊர்ப்பெயரைச் சொன்னார். என் ஊர். அதாவது அவர் ஊர்.

“எதுக்குங்க?” என்றேன்.

“நாங்க இருந்த எடத்துலயே இப்ப கம்பெனி. அங்கதானுங்க எனக்கு வாட்ச்மேன் வேலை. ரவுண்ட்ஸ் போறப்ப, இது இன்னாரு ஊடு, இது இன்னாரு ஊடுன்னு சொல்லிட்டே நடப்பனுங்க. முப்பத்தொம்போது வருது. ஒரு ஊடு வர மாட்டேங்குதுங்க.”

“நாப்பதுன்னு எப்பிடித் தெரியும்?”

“மாரியாத்தா நோம்பிக்கு ஊட்டுக்கு ஒண்ணா நாப்பது மாவௌக்குங்க. அதுல எப்பவும் கொறஞ்சதில்ல. யாரக் கேட்டாலும், தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்கறாங்க. ராத்திரி தூக்கம் புடிக்க மாட்டேங்குதுங்க.”

புத்தகத்தை எடுத்து வந்தேன். எழுத்துக் கூட்டி முதல் படிவத்தைப் படித்தார். நிமிர்ந்தார்.

“பேரெல்லாம் தப்பா இருக்குதுங்களே?”

வாய் திறந்தேன். உண்மை வருமென்று நானும் எதிர்பார்த்தேன்.

“நான் எழுதுனதுதானுங்க. ஆராய்ச்சில பேர மாத்தித்தான் போடுவோம்” என்றேன்.

“அப்பிடிங்களா.” உடனே நம்பிவிட்டார். “நீங்க வந்தப்ப நான் மில்லு ஷிப்டுல இருந்திருப்பேன். பாத்திருக்க மாட்டேன்.”

அதன்பின் அவரே வேலையை எடுத்துக்கொண்டார். பெயரை விட்டுவிட்டு மாட்டையும் பிள்ளையையும் கூரையையும் வைத்து வீடு வீடாகப் பொருத்தினார். “எருமை மூணு. கெழக்கால தறிக்காரரு ஊடு, சரி.” “ரெண்டு பொண்டாட்டி. அட, அத வேற எழுதிப்போட்டீங்களா!” சிரித்தார். “ஆர்மோனியமா? ஆர்மோனியம்... கோயில்ல பஜனை பாடுவாரே, அவருதானுங்க. வாடகைக்கு வாங்கியிருப்பாரு.” பொருந்தாதவற்றையும் எப்படியோ பொருத்தினார். வார்டனும் மாமாவும் ஒழுங்காக அவரவர் வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். மதியம் தாண்டியது. முப்பத்தொன்பது முடிந்து, ஒரு படிவம் மிச்சம்.

விரலை வைத்துப் படித்தார். எழுபது வயது. தனி. ஆடு ஒன்று. பெயர் சொல்ல மறுத்துவிட்டார்.

அந்த வரியிலேயே விரலை நிறுத்திக்கொண்டு, “சொல்லாதுங்க. கெழவி அப்பிடித்தான்” என்றார். “மேக்கால கடசி ஊடு. ஆட்ட வெச்சுட்டு ஒத்தையில இருந்துச்சு. எப்பிடிங்க மறந்தேன்?”

மறுபடி வாய் திறந்தேன். “டீ சாப்பிடறீங்களா?” என்று வந்தது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். கோபியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டிலிருந்து ஒரு சீப்பு பூவன்பழம்.

“இப்பத் தூக்கம் வருதுங்க. அந்த எடத்துல ஜெனரேட்டர் ரூம் கட்டியிருக்காங்க. தாண்டறப்ப, ‘ஏனுங்க ஆத்தா’ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போறனுங்க.”

“ஓ” என்றேன்.

“திருப்பூர்ல இருக்கற எங்கூர் ஆளுங்க நாலு பேருகிட்ட ஜெராக்ஸக் காட்டினேன். மூணு பேரு, ஆமாமா, அந்தக் கெழவின்னாங்க. ஒருத்தன் அழுதேபோட்டான். நாலாவது ஆளுதானுங்க ஒத்துக்கல. அங்க ஒரு புருசன் பொண்டாட்டி, கைக்கொழந்தையோட இருந்தாங்க, எங்கிருந்தோ பொழைக்க வந்தவங்கன்னு ஒரே சாதிப்பு.”

“அப்பறம்?”

“காலேஜ்ல எழுதி முத்திரை போட்டு வெச்சிருக்குது, உன்ற பேச்சா பெருசுன்னேன். அதுக்கு மேல அவன் பேசலீங்க.”

ஒரு பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன். “நல்லாப் பழுத்திருக்குதுங்க” என்றேன். பழம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அவர் போனபிறகு புத்தகத்தை எடுத்தேன். நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு போட்டதற்காக எத்தனையோ பையன்களை விரட்டியிருக்கிறேன். நாற்பதாம் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘இந்தப் பெண் இல்லை. கணவன், மனைவி, கைக்குழந்தை. பிழைக்க வந்தவர்கள். பெயர் நான் கேட்கவில்லை.’

மூடி, வேட்டியால் கிணறு அளந்தவனின் புத்தகத்துக்குப் பக்கத்தில் செருகினேன். வாட்ச்மேனின் சட்டைப்பையில் இருக்கும் ஜெராக்ஸில் அந்த வரிகள் இல்லை.