சீனியம்மாளின் இடது காது

காங்கிரஸ் மந்திரிசபை வந்த வருஷம் அது. சமயநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் சீனியம்மாளின் இடது காதில் கட்டி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. காது வளர்த்துத் தண்டட்டி போடுகிற குடும்பம். தோளைத் தொட்டு ஆடுகிற காதுக்குத்தான் அங்கே மரியாதை. அந்தக் காதின் தொங்கலில் மொச்சைக்கொட்டை அளவுக்கு எட்டிப் பார்த்த சனியன், நாளாவட்டத்தில் எலுமிச்சங்காயாகி உட்கார்ந்துகொண்டது. வேப்பெண்ணெய், சுண்ணாம்பு, மந்திரித்த திருநீறு, எதற்கும் அது மசியவில்லை.

ஒருவழியாகப் புருஷன் நல்லகாமனைக் கிளப்பிக்கொண்டு மதுரைக்கு வந்து ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டு, அறுத்துத்தான் எடுக்கவேண்டும், புருஷன் கைநாட்டு இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றாள். விவரமெல்லாம் எழுதி ஒரு தாளைக் கொடுத்தாள். கம்பவுண்டர் அதை வாசித்தும் காட்டினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் கேட்டார்கள்.

வாசலைத் தாண்டுவதற்குள் சண்டை.

"கேட்டியா புள்ள? தொங்கலையும் சேத்து அறுப்பாகளாம். பெறகு தண்டட்டியே போடக்கூடாதாம்ல. தையில நம்ம சின்னவ தங்கப்பொண்ணு கல்யாணம். சம்பந்தி வீட்டுக்காரக முன்னாடி மூளிக்காதோட நிப்பியா?"

"அதையா வாசிச்சாரு? மயக்க மருந்து குடுப்பாக, வலி தெரியாது, விட்டா வளந்துக்கிட்டே போகும்னுல்ல வாசிச்சாரு!"

"அப்படி ஒண்ணும் வாசிக்கல."

"நீங்க சொல்றதத்தான் வாசிக்கல."

கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் இரண்டு பேரும் பண்ணுவார்கள். சீனியம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனுசன் ஒருதரம் முடியாது என்று சொல்லிவிட்டால் பிறகு மலையைக்கூட நகர்த்திவிடலாம். கட்டியோடேயே சாகவேண்டியதுதான்.

போகிற வழியில் கோரிப்பாளையத்தில் சேக் இஸ்மாயிலின் கடை. சீனியம்மாள் வருஷக்கணக்காக வெண்ணெய் போடுகிற இடம். அவளுக்கு அவர் அண்ணன், நல்லகாமனுக்கு மச்சான்; அப்படித்தான் முறை வைத்துப் பேசிக்கொள்வார்கள். "அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்று தாளை நீட்டினாள்.

அவர் வாசித்தார். இரண்டு பேரும் சொன்னது எல்லாமே அதில் இருந்தது.

"தண்டட்டி சமாச்சாரம் இருக்குல்ல! நான் சொன்னேன்ல!" என்று குதித்தான் நல்லகாமன்.

சேக் இஸ்மாயிலுக்குப் பொறுக்கவில்லை. "அட அல்லாவே! இம்புட்டு வாசிச்சதுல அது ஒண்ணுதானா ஒனக்கு ஒட்டுச்சு? மாப்ள, இன்னொரு தரம் படிக்கிறேன். இந்தக் கட்டி ஒன் காதுல இருக்குன்னு நெனச்சுக் கேளு. சும்மா இல்ல, காதைப் பிடிச்சுக்கிட்டே கேளு."

முணுமுணுத்துக்கொண்டே நல்லகாமன் தன் இடது காதைப் பிடித்துக்கொண்டான். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் படித்து முடித்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

"மச்சான், கட்டி இருக்கிற பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க முடியாதுன்னு ஒண்ணு வருதே. அது மொதல்ல படிச்சப்ப இருந்துச்சா?"

"அப்பவும் இருந்துச்சு மாப்ள."

நல்லகாமன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "அதுனாலதான் நீ செவுத்தப் பாத்துப் படுக்கிறியா?"

"பின்ன வேற எதுக்கு? ஒங்க பக்கம் திரும்புனா உசுரு போகுதுல்ல."

"மூத்தவள எங்க அக்கா வீட்டுக்குக் குடுத்ததுல எம்மேல கோவம்னு நெனச்சேன். ஒன்னக் கேக்காமக் குடுத்தேன்ல, அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டியோன்னு..."

சீனியம்மாளுக்குக் கோபம் இருந்தது வாஸ்தவம். மகள் மறுவீடு வந்து சிரித்த அன்றே அது போய்விட்டது. இந்த மனுசன் அதை வருஷக்கணக்காகத் தனியாகச் சுமந்துகொண்டு கிடந்திருக்கிறான், பாவி.

"ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

"வலிக்குதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

சேக் இஸ்மாயில் வெண்ணெயை எடை போடப் போய்விட்டார். ஊருக்குக் கிளம்பியவர்கள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மறுபடி ஆஸ்பத்திரிக்கே போனார்கள். நல்லகாமன் கைநாட்டு வைத்தான்.

கட்டியோடு தொங்கலும் போயிற்று. தையில் கல்யாணப் பந்தலில் சீனியம்மாள் வலது காதில் மட்டும் தண்டட்டி ஆட நின்றாள். சம்பந்தி வீட்டுக்காரி ஒருத்தி சும்மா இருப்பாளா? "என்ன மதினி, ஒத்தக் காதோட நிக்கிறீக? யாரு இப்படி அறுக்கச் சொன்னது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

சீனியம்மாள் வாயைத் திறப்பதற்குள் பந்தலின் மறுமுனையிலிருந்து நல்லகாமன் சொன்னான்:

"நாந்தேன். எப்பவோ சொல்லியிருக்கணும்."